1977இல் திறந்த கதவு: ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் முன்வீட்டு அக்காவின் மகன் யுத்தம் முடிகிற காலத்தில் பிடிபட்டவன். இன்னும் வீடு வரவில்லை. மாதம் ஒருமுறை அக்கா இரவு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பருத்தித்துறை வடை அவனுக்கு உயிர். சிறை வாசலில் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்பதால், இப்போதெல்லாம் வீட்டிலேயே நொறுக்கிப் பையில் கட்டுகிறார்.

அவனுக்கு எதிரான சாட்சி அவனுடைய ஒப்புதல் வாக்குமூலம்தான். எழுதியிருந்தது சிங்களத்தில். அவனுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கையெழுத்து மட்டும் தமிழில் இருந்தது. சாதாரண சட்டப்படி பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் எடுபடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் எடுத்தாலே போதும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் அடிவாங்கியவன்தான். 1979இல் 'தற்காலிக ஏற்பாடு' என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் இது.

இதெல்லாம் உங்கள் கட்சிக்குப் புதிதா? 1971 ஏப்ரலில் உங்கள் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) அரசுக்கு எதிராக ஆயுதத்தோடு கிளர்ந்தபோது அதன் தலைவர் றோகண விஜேவீர இருந்தது எங்கள் யாழ்ப்பாணச் சிறையில். அவரையும் தோழர்களையும் விசாரிக்கவென்றே குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. வழமையில் ஏற்காத வாக்குமூலங்களை அதுவும் ஏற்றது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா அந்தச் சட்டத்தை நீக்கினார். அதன்கீழ் தண்டிக்கப்பட்டவர்களும் வெளியே வந்தார்கள். ஜே.ஆர். மேல் எங்களுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தக் காரியத்தில் பிழை சொல்ல முடியாது. பிழையான சட்டம் என்றால் அந்தச் சட்டம் கொடுத்த தண்டனையும் பிழைதானே? ஐந்து வருடம் கழித்து விஜேவீர ஜனாதிபதித் தேர்தலில் நின்றார்.

எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் மன்னிப்பு சொட்டுச் சொட்டாக வருகிறது. 2021 பொசன் பௌத்தப் பண்டிகைக்குப் பதினாறு பேர். 2022இல் எட்டுப் பேர். அவர்களில் முன்னாள் ஜனாதிபதி சந்திரிக்கா அம்மையாரின் ஒரு கண்ணைப் பறித்த தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்றவர்களும் இருந்தார்கள். அந்த அம்மையாரே சம்மதித்தார். குண்டில் உறவை இழந்த எல்லோரும் அப்படிச் சம்மதிக்க மாட்டார்கள், அது எனக்கு விளங்கும். ஆனால் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் மரணதண்டனை பெற்ற இராணுவத்தினனை 2020இல் விடும்போது அந்த வீடுகளில் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கிழக்கில் புலிகளின் தளபதியாக இருந்த கருணா அமைச்சராகவே இருந்துவிட்டுப் போனார். அக்காவின் மகன் லொறி ஓட்டினவன்.

'அரசியல் கைதிகள் என்று எவருமில்லை' என்று நீதி அமைச்சர்கள் மாறிமாறிச் சொல்லிவிட்டார்கள். பெயரை எப்படியும் வைத்துக்கொள்ளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒழிப்பதாக வாக்குக் கேட்டு வந்தவர் நீங்கள். ஒழிக்கும்போது, அதன்கீழ் பெற்ற வாக்குமூலத்தால் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்து விடுங்கள். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை மன்னிப்புக் கொடுக்கும் அதிகாரத்தை உங்கள் கையில்தான் தந்திருக்கிறது.

ஒரு சின்ன விண்ணப்பம். பதில் போடுவதானால் தமிழில் போடச் சொல்லுங்கள். அக்காவுக்கு நான் வாசித்துக் காட்ட வேணும்.

இப்படிக்கு,
முன்வீட்டுக்காரன்