ஸ்கோர் ஷீட்டைத் தூக்கிப் போடாதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சிற்றூர் வாலிபால் போட்டிகளின் வரலாற்றுத் தொகுப்பு ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர்தான் இருக்கும். அது பாதிப் பொய். மீதிப் பாதி யாருடையது என்பதை எழுதிவைக்கத்தான் இந்த மடல். முன்னுரையில் இரண்டு வரியில் "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று முடித்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஆரம்பிக்கும்போது இது சுலபமான வேலை என்று நினைத்தேன். ஆட்டத்தின் பெரிய வரலாறு பத்திரமாக இருக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் மோதலும் ஓட்டமும் தாங்காத நடுவயதுக்காரர்களுக்காக இதை உருவாக்கினார். நெட்டின் உயரம் ஆறரை அடி. ஒரு பக்கம் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். பெயர்கூட அப்போது 'மின்டனெட்'. அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக்காட்டியபோது ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் என்பவர் பார்த்துவிட்டுச் சொன்ன பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது. 1947-இல் பாரிசில் பதினான்கு நாடுகள் கூடி சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கின. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக்கிலும் ஆட்டம் சேர்ந்தது. இதெல்லாம் ஒரு மாலையில் தேடி எடுத்துவிடலாம். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கிவைத்த அந்த நடுவயதுக்காரர்கள் மாதிரியே, வேலை முடிந்து வந்து ஆடிய சிற்றூர்க்காரர்களில் எந்த ஆண்டு யார் கோப்பையைத் தூக்கினார்கள், முதல் சுற்றிலேயே தோற்று சாயங்கால பஸ்ஸைப் பிடித்தவர்கள் யார் என்று கேட்டால் எந்தப் புத்தகமும் வாய் திறக்காது.

அதனால் முதல் நன்றி, ஓய்வுபெற்ற அந்த ஸ்கோரர் ஐயாவுக்கு. மூன்று அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "வீட்டில் இதைக் குப்பை என்கிறார்கள், நீயும் அப்படியே நினைத்தால் இப்போதே சொல்லிவிடு" என்றார். உள்ளே பூச்சி அரித்த ஸ்கோர் ஷீட்டுகள். பாதியில் தேதி இல்லை, பல தாள்களில் ஆண்டே இல்லை. "ஞாயிறு, இரண்டாவது மேட்ச்" என்று எழுதினவருக்கு அது எந்த ஞாயிறு என்று தெரியும், எனக்குத் தெரியாதே. அன்றைக்கு நான் கொஞ்சம் சோர்ந்துபோனது உண்மை.

அவர்தான் தாளைத் திருப்பி, "ஆண்டு எழுதவில்லை என்றால் என்ன, விதி எழுதியிருக்கிறதே, அதைப் படி" என்றார்.

இந்தத் தொகுப்பின் முதுகெலும்பே அந்த ஒரு வாக்கியம்தான். கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பழைய முறையில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் புள்ளி. எதிரணி அடித்து ஜெயித்தால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான், புள்ளி நகராது. பதினைந்துக்கு ஒரு செட் என்றாலும் முக்கால் மணி நேரம் இழுக்கும். இப்போதைய இருபத்தைந்து புள்ளி முறையை, அதாவது யார் சர்வீஸ் போட்டாலும் ஜெயித்தவருக்குப் புள்ளி என்பதை, கூட்டமைப்பு 1998-இல் ஏற்றது. இடையில் ஒரு காலம் உண்டு. 1988-இல் எடுத்த முடிவுப்படி, ஜெயிப்பது யார் என்று முடிவுசெய்யும் கடைசி செட்டில் மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி. மற்ற செட்டுகளில் பழைய கணக்கு. ஆகவே முதல் செட்டுகளில் சர்வீஸ் மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்து, கடைசி செட்டில் மட்டும் எண்கள் மளமளவென்று ஏறியிருந்தால், அந்தத் தாள் 1988-க்கு முந்தியதல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். தேதியில்லாத தாள்கள் கட்டுக் கட்டாக இப்படித்தான் வரிசைக்கு வந்தன.

புகைப்படங்களுக்கும் அதே வைத்தியம். இங்கே நன்றி ஒரு பழைய ரெஃபரிக்கு. அவர் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தால் ஆட்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கால் எங்கே, கை எங்கே, கோடு எங்கே என்றுதான் பார்ப்பார். எதிரணி சர்வீஸ் போடும்போதே நெட்டில் துள்ளி பிளாக் வைத்திருக்கிறார்களா, அதாவது கையை உயர்த்திப் பந்தைத் தடுக்கிறார்களா? 1984-க்கு முந்தையது, அதற்குப் பிறகு சர்வீஸை பிளாக் செய்யக்கூடாது. சர்வீஸ் போடுகிறவர் பின்கோட்டின் இடது மூலையில் நிற்கிறாரா? 1994-க்குப் பிந்தையது, அதுவரை வலது பக்கம் மூன்று மீட்டர் இடத்திலிருந்துதான் போட முடியும். ஒருவர் மட்டும் வேறு நிறச் சட்டை போட்டிருக்கிறாரா? அவர் லிபரோ, பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே உள்ள ஆட்டக்காரர், 1998-க்கு முன்னால் அப்படி ஒரு ஆளே கிடையாது. நான் உற்சாகத்தில் எல்லாப் படத்துக்கும் ஆண்டு எழுத ஆரம்பித்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "விதி ஒரே நாளில் மாறும். மைதானம் மாறப் பத்து வருஷம் ஆகும். 'இதற்கு முன்னால் இல்லை' என்று எழுது, 'இந்த ஆண்டு' என்று எழுதாதே." அதன்படி, 1984 சங்கதிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டேன். விதி மாறியதே தெரியாமல் சர்வீஸை பிளாக் செய்துகொண்டிருந்த மைதானங்கள் இருந்திருக்கும் அல்லவா. தொகுப்பில் நிறைய இடத்தில் 'சுமார்' என்று வருவதற்கு அவர்தான் காரணம். வாசகர்கள் எரிச்சல்பட்டால் அவரிடம் அனுப்பிவைக்கிறேன்.

ஒரு படத்தில் மட்டும் நாங்கள் இருவருமே மாட்டிக்கொண்டோம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். எண்பதைத் தாண்டிய முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விரல் வைத்து வரிசை வரிசையாக எண்ணிக் காட்டினார்: முன்னால் மூன்று, நடுவில் மூன்று, பின்னால் மூன்று. ஆசியாவில் ஆட்டம் பரவியதே பெரிய கூட்டத்தோடுதான். 1913-இல் மணிலாவில் நடந்த தூரக்கிழக்கு விளையாட்டுப் போட்டியில் பக்கத்துக்குப் பதினாறு பேர் நின்றார்கள். அது குறைந்து குறைந்து ஒன்பதில் வந்து நின்றது. அமெரிக்காவில் 1918-இலேயே ஆறு பேர் என்று வரையறுத்தும், இங்கே ஒன்பது வெகுகாலம் நீடித்தது. அமெரிக்காவின் சீனக் குடியிருப்புகளில், சலவைக்கடையிலும் உணவகத்திலும் வேலை பார்த்தவர்கள் தெருவிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் நெட் கட்டி ஆடியதும் இந்த ஒன்பது பேர் ஆட்டம்தான். அவர்களுடைய நகரங்கள் இன்றும் ஆண்டுதோறும் மோதுகின்றன. இதில் ரொட்டேஷன், அதாவது ஆட்டக்காரர்கள் இடம் மாறிச் சுற்றி வருவது, கிடையாது. "பின்வரிசையில் போட்டால் ஆயுசுக்கும் பின்வரிசைதான் தம்பி. நான் ஸ்மாஷ் அடித்ததே இல்லை, எடுத்துக் கொடுத்தே காலம் போய்விட்டது" என்றார் அந்தப் பெரியவர். அவர் பெயர் எந்த நோட்டீஸிலும் இல்லை. ஸ்மாஷ் அடித்தவர்கள் பெயர் இருக்கிறது.

பெயர் இல்லாதது பற்றிச் சொல்லும்போது இன்னொரு பெரிய நன்றிக்கு வருகிறேன். பழைய போட்டி நோட்டீஸ்களில் ஆண்கள் அணிகளுக்கு ஊர், கேப்டன், பரிசு கொடுத்தவர் என்று முழுப் பக்கம். அடியில் ஒரே ஒரு வரி: "மகளிர் ஆட்டமும் நடைபெறும்." அந்த 'உம்'மில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த அக்கா ஒருவர் இருந்தார். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து, தன்னோடு ஆடியவர்கள், எதிரே ஆடியவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டத்தை விட்டவர்கள், விடாமல் வந்தவர்கள் என்று ஞாபகத்திலிருந்தே எழுதினார். சந்தேகம் வந்த இடத்தில் போன் போட்டுக் கேட்டார். எழுதி முடிக்க மூன்று வாரம் ஆனது.

1964-இல் டோக்கியோவில் சோவியத் அணியை வென்று தங்கம் வாங்கிய ஜப்பான் பெண்கள் அணியில் பெரும்பாலோர் ஒரு நெசவாலைத் தொழிலாளர்கள். பகலில் வேலை, அதன் பிறகு நள்ளிரவு நெருங்கும்வரை பயிற்சி. இதை அந்த அக்காவிடம் சொன்னேன். "வேலை முடிந்து அவர்களுக்காவது விளக்கு எரிந்தது" என்றார். ஜப்பானில் அந்த வெற்றிக்குப் பிறகு குடும்பப் பெண்கள் தங்களுக்கென்று அணி சேர்ந்து ஆடும் 'மாமாசான்' வாலிபால் வளர்ந்தது, அதிலும் பக்கத்துக்கு ஒன்பது பேர் என்றதும் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அதைப் பற்றியே ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தொகுப்பின் ஐந்தாவது அத்தியாயத்தை நான் எழுதியதாகச் சொல்ல முடியாது.

இன்னும் சிலர். கையெழுத்துப் புரியாத தாள்களைத் தட்டச்சு செய்த கல்லூரி மாணவர்கள். செட்டின் முடிவில் புள்ளிகள் சமமாக நிற்பதைக் குறிக்கும் 'டியூஸ்' என்பதை ஓர் ஆட்டக்காரரின் பெயர் என்று நினைத்து அணிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், நல்லவேளை அச்சுக்கு முன்னால் கண்ணில் பட்டது. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர், பதினெட்டுக்கு ஒன்பது மீட்டரைக் கயிறும் முளையும் கொண்டு மூலை கோணாமல் எப்படி எடுப்பது என்று செய்து காட்டினார். தங்கள் வீட்டு அலமாரியில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, தேய்ந்துபோன எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படித்துச் சொன்னவர்களுக்கும் என் வணக்கம். ஒரு சங்க அலுவலகம் இடம் மாறியபோது பழைய கோப்புகளை எடைக்குப் போட்டுவிட்டது. எது என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கட்டிலிருந்து இரண்டு பதிவேடுகளை உருவி வைத்துக்கொண்ட ஊழியருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வாங்கிய தாள்கள், படங்கள் எல்லாவற்றையும் இந்த மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஸ்கோரர் ஐயாவின் மூன்று பெட்டிகளைப் புது அட்டைப்பெட்டிகளில் மாற்றி, ஆண்டு வாரியாகச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஒரே ஒரு படம் மட்டும் யாருடையது என்று குறித்துவைக்காமல் விட்டுவிட்டேன். நெட் கம்பத்தின் உச்சியில் ஒரு பையன் உட்கார்ந்து கயிற்றை இறுக்குகிறான், கீழே நான்கு பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள், ஒருவர் கையில் வெள்ளைப் பந்து. அதைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அந்தப் பையன் யார் என்று தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தொகுத்தவன்