குரலுக்கும் உரிமை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024-ல் 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் ஒலிக்கச் செய்த ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாகத் தெரிவித்தார். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், எல்லாரும் அப்படி நடந்துகொள்வார்களா? 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் குரலைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. பாடகர் அரிஜித் சிங் மும்பை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் தன் குரலைப் போலி செய்வதற்கு இடைக்காலத் தடை வாங்கினார். கோயில் கொடை விழாவில் பாடும் வில்லுப்பாட்டுக் கலைஞருக்கு அந்த வசதி ஏது? எழுத்துப்பூர்வமான சம்மதமும் ஊதியமும் இல்லாமல் எவர் குரலையும் நகலெடுக்கக் கூடாது என மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். கலைஞரின் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கும் அந்த உரிமை சேர வேண்டும்.

- வாசகர், திருநெல்வேலி