அந்தக் கிராமபோன் குழல்

குரோம்பேட்டை,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள கும்பகோணம்,

ஓவியக் கல்லூரி விடுதியில் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன். உன் சொந்தப் பெயரை எழுதினால் வங்கி மேலாளருக்கு விண்ணப்பம் போடுவதுபோல் இருக்கிறது.

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வலக்கண்ணில் எல்லாம் நீலமாகத் தெரிகிறது, இடக்கண்ணில் பழைய வார்னிஷ் பூசியதுபோல் மஞ்சளடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, பயப்படாதே. 1923இல் அறுவை செய்துகொண்ட பிரெஞ்சு ஓவியர் மோனேயும் இதையே சொல்லிப் புலம்பியிருக்கிறார். வயதான கண்ணின் வில்லை பழுத்துப்போய் நீலத்தை வடிகட்டிவிடுகிறது. அதை எடுத்ததும் அடைபட்டிருந்த நீலமெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. கொஞ்ச நாளில் பழகிவிடும். இரண்டாவது கண்ணைத் தள்ளிப்போடாதே. இந்த உறைக்குள் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். அதை அறுவை முடிந்த கண்ணால் பார். ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டுப் பார். (இதற்குள் எடுத்துப் பார்த்திருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு.)

என் படங்களுக்கு நான் புதிய மரச்சட்டம் வாங்குவதில்லை. தேக்கு விற்கிற விலையில் படத்தை விடச் சட்டத்துக்குத்தான் செலவு அதிகம். அதனால் இரவில் தூக்கம் வராதபோது கைபேசியில் பழைய சாமான் விற்கிற பக்கங்களைத் துழாவி, பழைய சட்டமாகப் பார்த்து வாங்கி, சுத்தம் செய்து பயன்படுத்துகிறேன். போன வியாழக்கிழமை இரவு அப்படித் தள்ளிக்கொண்டே போனபோது ஒரு விளம்பரம். ‘பழைய பர்மா தேக்குச் சட்டம், செல்லரிக்காதது, உள்ளே படத்துடன். ரூ. 8,500.’ நான் சட்டத்தின் மூலை இணைப்பைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல் வழுக்கி உள்ளே போனது. ஒரு சிவப்புக் கிராமபோன் குழல்.

மூர் மார்க்கெட்.

1978இல் நான் வரைந்த படம். நாற்பதுக்கு முப்பது அங்குலம். பழைய புத்தகக் கடைக்காரர் கட்டுகளில் சாய்ந்து தூங்குகிறார், பக்கத்துக் கடையில் இசைத்தட்டுகள், முன்னால் அந்தக் குழல். எழும்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்தே போய், ஒரே டீயில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கோட்டோவியம் போட்டுக் கொண்டுவந்தோமே, அதே இடம். வீட்டில் காணாமல் போன பொருளை அடுத்த வாரம் மூர் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கலாம் என்பார்கள். 1985 மே மாதம் அது எரிந்துபோனது. அதைப் பார்த்து வரைந்த படம் இப்போது கைபேசியில் விலைக்கு வந்திருக்கிறது.

படம் எப்படிப் போனது என்பது உனக்கு நினைவிருக்கும். ஒரு அலுவலகத்தின் வரவேற்பறையில் மாட்டிவைக்கக் கேட்டார்கள். முந்நூறு ரூபாய் தருவதாகப் பேச்சு. துண்டுக் காகிதம்கூட எழுதி வாங்காமல், நீயும் நானும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தோம். பணத்துக்காக ஏழு முறை நடந்தேன். எட்டாவது முறை அந்த மாடியில் வேறு அலுவலகம் இருந்தது. ‘படமா? எந்தப் படம்?’ என்றார் காவலாளி.

மறுநாள் காலை விற்பவனுக்குப் பேசினேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடுகிற பையன். இடிக்கிற வீடுகளில் கதவு, நிலை, சன்னல் எல்லாம் மொத்தமாக எடுக்கிறான். ‘சார், படம் வேண்டாமென்றால் கழற்றிக்கொள்கிறேன், ஐந்நூறு குறைத்துக்கொள்ளுங்கள்’ என்றான். ஐந்நூறு என்று ஒரு மதிப்பாவது போட்டானே என்று நினைத்துக்கொண்டேன். பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பழப்பெட்டிப் பலகையில் நாமே அடித்த உள்சட்டம். வஜ்ரப் பசை காய்ச்சிப் பூசிய காடாத் துணி. அந்த நாற்றம் கைபேசி வழியாகவே வந்தது. குறுக்குச் சட்டத்தில் பென்சிலால் உன் கையெழுத்து: ‘மெஸ் பாக்கி 14.50’. முன்பக்கத்தில் என் கையெழுத்து இருந்த மூலை உதிர்ந்துவிட்டது, ‘78’ மட்டும் மிச்சம். ஆக, அந்தப் படத்தில் இன்றைக்குப் படிக்கக்கூடியதாக இருப்பது உன் எழுத்துதான்.

என் மகள் வக்கீல் அல்லவா, விஷயம் கேட்டதும் சட்டப் புத்தகத்தோடு வந்துவிட்டாள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 53அ என்று ஒரு பிரிவு. ஓவியரின் மூலப்படம் மறுபடி விற்கப்படும்போது அவருக்கும் அதில் பங்கு உண்டாம், அதிகபட்சம் பத்து சதவீதம். ஆனால் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்ட வேண்டும். நம் பையன் 8,500 போட்டிருக்கிறான். சட்டம்கூட எட்டிப் பார்க்காத விலை! அதோடு விட்டாளா? டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அவரைக் கேட்காமலே பெயர்த்துக் கிடங்கில் போட்டதையும், அவர் வழக்காடி 2005இல் ஐந்து லட்சம் நஷ்டஈட்டோடு மிச்சத்தையும் திரும்ப வாங்கியதையும் சொல்லி, ‘அப்பா, நாமும் கேட்கலாம்’ என்றாள். யாரிடம்? கதவு விற்கிற பையனிடமா? அவன் யாருக்கோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். கேட்க வேண்டிய ஆட்கள் எந்த மாடியில் இருக்கிறார்களோ. என் மாப்பிள்ளை பங்குக்கு ஓவியர் எம்.எஃப். ஹுசைன் கதையை எடுத்தான்: ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனையில் பல பத்தாண்டுகள் தொங்கிய ‘கிராம யாத்ரா’ 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் போனதாம். ‘உங்கள் படமும் யார் கண்டார்?’ என்கிறான். ஹுசைன் ஹுசைன்தான், நான் செங்கோட்டை என்று சொல்லி அவனைக் காபி குடிக்க அனுப்பினேன்.

இதையெல்லாம் எழுதி நான் இழுத்தடிப்பது உனக்குப் புரிந்திருக்கும். சரி, சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகை, சுவரோடு சாய்த்துவைத்த கதவுகளுக்கு நடுவே இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக, என்னுடைய நல்ல படம் தொலைந்துபோய்விட்டது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். படம் சுமார்தான். மேற்கூரை வழியாக வெயில் விழுவதாக நினைத்து நான் அப்பிய வெள்ளையெல்லாம் வறண்ட கண்மாய்போல் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. ஜிங்க் வெள்ளை மலிவு என்று குழாய் குழாயாகப் பிதுக்கினேன், அடிப்பூச்சு காயும் முன்பே மேலே ஏற்றினேன். அது வயதானால் ஓடுபோல் நொறுங்கும் என்று நீ அப்போதே சொன்னாய். சாயங்கால வெளிச்சத்துக்குப் போட்ட கிரிம்சன் லேக் சிவப்பு வெளுத்து, கழுவிய காவியாக நிற்கிறது. தூங்குகிற மனிதருக்குக் கழுத்தே இல்லை. குழல் மட்டும் நேற்று வரைந்ததுபோல் இருக்கிறது. ஒரு வெடிப்பு இல்லை. மெல்லிய பூச்சு, அது காய்ந்த பிறகு இன்னொன்று, விளிம்பில் நூலிழையாக ஓர் ஆரஞ்சு. பையன்கூட, ‘இந்த ரேடியோ மட்டும் சூப்பர் சார்’ என்றான்.

மஞ்சள் காமாலையில் நான் செங்கோட்டையில் கீழாநெல்லி குடித்துக்கொண்டு கிடந்த மூன்று வாரத்தில் நீ வரைந்த குழல் அது. ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் போக வேண்டும் என்பதற்காக, உன் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வரைந்தாய். அண்ணா சாலையில் இரவெல்லாம் சினிமா பேனருக்குக் கட்டம் போட்டுச் சம்பாதித்த காசில் வாங்கிய ஒரே ஒரு வெளிநாட்டுச் சிவப்புக் குழாய், அதையும் என் படத்தில் தீர்த்தாய். கண்காட்சியன்று நம் ஆசிரியர் அந்த இடத்தில்தான் நின்றார். குழலின் விளிம்பைக் காற்றில் விரலால் தடவி, ‘இதை அவசரப்படாமல் செய்திருக்கிறாய்’ என்றார். நான் ‘ஆமாம் சார்’ என்றேன். நீ பக்கத்துப் படத்தின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாய். ஏற்கெனவே நேராகத்தான் தொங்கியது அந்தப் படம்.

அதன் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பத்திக் துணி விற்றுச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள், நானும் கைத்தறி வடிவமைப்பில் கொஞ்சம் சம்பாதித்துவிட்டு வரைய வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாய். சேலைக் கரையிலேயே உன் காலம் போய்விட்டது. உன் தங்கைகள் கல்யாணம்தான் காரணம், அந்த ‘ஆமாம் சார்’ இல்லை என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை அந்தக் கொட்டகையில் அது எடுபடவில்லை. பையன் நாற்காலி கொண்டுவந்து போட்டான், வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். பேரம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டோவில் எடுத்துவருகிறேன். மகள் அதை நல்ல இடத்தில் கொடுத்துச் செப்பனிடலாம் என்கிறாள். உதிர்ந்த மூலையில் நான் மறுபடி கையெழுத்துப் போடப்போவதில்லை. இரண்டு பெயர் போடுவதானால் நீ வந்து உன்னுடையதை நீயே போட வேண்டும். உன் பெயரை நான் போட்டால் அது இன்னொரு பொய்க் கையெழுத்து. வர முடியாது, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று எழுதினால் படத்தையே பார்சலில் கும்பகோணத்துக்கு அனுப்பிவிடுவேன். வாசலில் வந்து இறங்கும்போது உன் வீட்டில் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் நீயே பதில் சொல்லிக்கொள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்தக் குழாய் காட்மியம் சிவப்பா, வெர்மிலியனா? செப்பனிடுபவர் கட்டாயம் கேட்பார். எனக்குத் தெரியாது என்று சொல்ல இந்த முறை எனக்குச் சங்கடமில்லை.

இன்னொன்று, அந்தப் பதினாலரை ரூபாய். நீ கட்டினாயா, நான் கட்டினேனா?

அன்புடன்,
செங்கோட்டை