ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வி அலுவலர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற மாதம் ஒருநாள் மாலை ஐந்தரை மணியாகியும் வீடு திரும்பவில்லை. தேடிப் போனபோது வகுப்பறையின் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் சீருடையில் பட்டிருக்கும் முதல் மாதவிடாயின் கறை தெரிந்துவிடும் என்று மதிய இடைவேளைக்குப் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. நிலைமையைத் தெரிந்துகொண்ட ஆசிரியை, பையைத் தாழ்வாகத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும்படியும், யாரிடமும் சொல்லாமல் இருக்கும்படியும் சொல்லியிருக்கிறார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர்; தம் பள்ளி நாளில் தமக்குச் சொல்லப்பட்டதையே அவரும் சொல்லியிருப்பார்.

வழியில் மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சைக்கிள்லருந்து விழுந்ததை உன்கிட்ட சொல்லாம மறைச்சேன்மா, அதனாலயா?" இரண்டு நாளுக்கு முன் பட்ட அடிக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு, மதியம் முழுவதும் அந்தப் பெஞ்சில் அவள் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றிப் பாடம் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே பல சிறுமிகள் பூப்பெய்திவிடுவதையும் அறிவீர்கள். ஆறாம் வகுப்பில் வருவதற்கு எட்டாம் வகுப்பில் விளக்கம் சொல்வது, மழை விட்டபின் குடை கொடுப்பது போலத்தான். அந்தப் பாடத்தையும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகும் வகுப்புகள் உண்டு. ஆகவே கேட்கிறேன்: ஆறாம் வகுப்பிலேயே, மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்திருக்கும்போதே, இதைப் பாடமாக நடத்துங்கள்.

வீட்டில் நாங்கள் மட்டும் என்ன செய்துவிட்டோம்? தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்து மூலையில் உட்கார வைத்தோம். பிறகு மஞ்சள் நீராட்டு விழா என்று அவள் படத்தோடு தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தோம். மறுத்துப் பேச எனக்கும் துணிவில்லை. யாரிடமும் சொல்லாதே என்கிறது பள்ளி, ஊருக்கே சொல்கிறது குடும்பம். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் இருவருமே அவளிடம் சொல்லவில்லை. கருப்பையின் உள்சவ்வு மாதந்தோறும் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது, அது கெட்ட இரத்தமோ தீட்டோ அன்று, முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் முன்பின்னாக வருவதும் இயல்பே என்று சொல்லிமுடிக்கப் பத்து நிமிடம் போதும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011இல் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டத்தில் பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மகளின் பள்ளியில் அதை வழங்கும் நாளில் மாணவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கையில் திணிக்கிறார்கள். 2018இல் நாப்கினுக்கு ஜிஎஸ்டி வரியை நீக்கினார்கள்; மருந்துக்கடையின் கறுப்புப் பையை நீக்க எந்தக் கவுன்சில் கூடவேண்டுமோ தெரியவில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாதவிடாய் என்பதற்காகப் படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். தலைமை ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சரி, நல்லது. படிக்கட்டில் உட்கார்ந்தவளைக் கடந்து போன பிள்ளைகள் அன்று என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எந்த விசாரணை கேட்கும்?

கோபத்தில் எழுத்து எல்லை மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். புதுக் கட்டடமோ புது நிதியோ நான் கேட்கவில்லை. வரும் ஜூனில் பள்ளி திறந்ததும், ஆறாம் வகுப்பிலேயே, மாணவர்களையும் உடன் அமர்த்தி, ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். மாணவியர் கழிப்பறைச் சாவியையும் அலுவலக அறை ஆணியில் மாட்டிவைக்காமல் இருந்தால் நன்றியுடையவளாவேன்.

பணிவுடன்,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்