பிளங்கெட்டின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாஸ்டனில் உள்ள மாநில அவைக் கட்டடத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவர்கள், கொடி மண்டபத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் படையின் கொடியைத் தாங்கிச் சென்ற தாமஸ் பிளங்கெட்டைப் பற்றிச் சொல்ல நினைப்பது இயல்பு. அவர் கதையை எப்படிச் சொல்வது என்பது பற்றி எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

அயர்லாந்தில் பிறந்து வெஸ்ட் பாய்ல்ஸ்டனில் வாழ்ந்தவர் அவர். 21ஆம் மாசசூசெட்ஸ் காலாட்படையில் சார்ஜன்ட். 1862 டிசம்பரில், ஃபிரெடரிக்ஸ்பர்க் போரில், கொடி ஏந்தியவர் சுடப்பட்டு விழுந்ததும் பிளங்கெட் அதை எடுத்துக்கொண்டு முன்னே போனார். எறிகுண்டு ஒன்று அவருடைய இரண்டு கைகளையும் பறித்துக்கொண்டது. காயம்பட்ட அவரைக் கவனித்தவர்களுள் கிளாரா பார்ட்டனும் ஒருவர், பின்னாளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய அதே அம்மையார். பிளங்கெட் பிழைத்தார்; 1866இல் மெடல் ஆஃப் ஆனர் என்ற உயரிய படை வீர விருது பெற்றார்; 1885 வரை வாழ்ந்தார்.

ஒரு துணிக்காகவா இவ்வளவு என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். துப்பாக்கிப் புகையிலும் இரைச்சலிலும் ஆணைகள் எவர் காதிலும் விழாது. கொடி நகர்ந்தால் படை நகரும், கொடி சாய்ந்தால் வரிசை குலையும். அதனால்தான் எதிரி முதலில் கொடி பிடித்தவனைக் குறிவைத்தான். அது தெரிந்தே எடுத்தார் பிளங்கெட்.

இந்த இடத்தில் நிறுத்தி, "குடியேறி வந்தவர் குருதி சிந்தி இந்த நாட்டுக்காரர் ஆனார்" என்று பாடத்தை முடித்துவிடாதீர்கள். நம்மைப் போல் குடியேறியவர்களுக்கு அது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அது மாநிலத்துக்கு மிகவும் சலுகை காட்டும் பாடம்.

1854 தேர்தலில் ஐரிஷ் கத்தோலிக்கர்மீது வெறுப்பை வளர்த்த 'நோ நத்திங்' கட்சி மாசசூசெட்ஸைக் கைப்பற்றியது. ஆளுநரான ஹென்றி கார்ட்னர், ஐரிஷ்காரர்களின் தன்னார்வப் படைப்பிரிவுகளைக் கலைத்தார். ஆயுதம் ஏந்தத் தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அதே மக்களைத்தான் ஏழு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் போருக்கு வருந்தி அழைத்தார்கள்! அதற்குள் 1859இல் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமை பெற்ற பிறகும் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தால்தான் வாக்களிக்கலாம், பதவி வகிக்கலாம் என்று மாநில அரசமைப்பைத் திருத்தினார்கள். பிளங்கெட் கைகளை இழந்த நாளில் அந்தத் திருத்தம் உயிரோடிருந்தது. 1863இல்தான் நீக்கினார்கள்.

ஐரிஷ்காரர்களைப் புனிதர்களாக்கவும் வேண்டாம். அதே 1863 ஜூலையில், கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் மூண்ட கலவரத்தில், கறுப்பின மக்களைத் தெருவில் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கும்பல்களில் ஐரிஷ் குடியேறிகள் ஏராளம். இதைச் சொன்னால் பிளங்கெட்டின் துணிச்சல் குறைந்துவிடாது. சிறியவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தால் மேல் வகுப்புகளிலாவது சொல்லுங்கள்.

1859 திருத்தத்தின் வாசகம், நீக்கப்பட்டது என்ற குறிப்போடு, மாநில அரசமைப்புப் பிரதியில் இன்றும் அச்சாகிறது. நீளம் ஒரு பத்திதான். அடுத்த முறை போகும்போது ஒரு படி எடுத்துச் சென்று, மண்டபத்திலேயே ஒரு மாணவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே குடியேறி வந்த ஒருவர்