ஒரே ஓவியம், இரண்டு வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோவியத் அரசின் அதிகாரபூர்வக் கலைப்பாணியான சோசலிச யதார்த்தவாதம் உழைக்கும் மக்களின் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டிய கலை என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. அப்படி அந்தக் கலையை வகுத்தவர்களே சொல்லவில்லை. 1934இல் மாஸ்கோவில் கூடிய சோவியத் எழுத்தாளர்களின் முதல் மாநாட்டில் ஒளிவுமறைவே இல்லை: யதார்த்தத்தை அதன் புரட்சிகர வளர்ச்சியில் காட்ட வேண்டும், உழைப்பாளிகளைச் சோசலிச உணர்வில் பயிற்றுவிக்க வேண்டும். நாளைக்கு வந்தே தீரும் என்று கட்சி சொல்வதை இன்றைக்கே வந்துவிட்டதாக வரைய வேண்டும், அவ்வளவுதான்.

அர்காதி பிளாஸ்தோவ் 1937இல் வரைந்த கூட்டுப்பண்ணைத் திருவிழா ஓவியத்தைப் பாருங்கள். மேசை நிறையப் பண்டம், சமோவார் என்கிற ரஷ்யத் தேநீர்க் கொதிகலன், வாய் கொள்ளாத சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டாலின் படமும், வாழ்க்கை மேம்பட்டுவிட்டது, மகிழ்ச்சி கூடிவிட்டது என்ற அவர் வாசகமும். 1932-33 பஞ்சத்தில் உக்ரைனிலும் வோல்கா பகுதியிலும் லட்சக்கணக்கான விவசாயிகள் பட்டினியால் செத்து நாலே வருடம்தான் ஆகியிருந்தது. வோல்கா பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த பிளாஸ்தோவுக்கு இது தெரியாதா என்ன? ஆனாலும் அந்த முகங்களையும் வெயிலையும் தீட்டிய கை சாதாரணக் கை இல்லை. வெறும் பிரசாரம் என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது.

சரி, ஏன் வரைந்தார்கள்? சிலர் மனதார நம்பினார்கள். பயமும் இருந்தது. அதோடு வயிற்றுப்பாடு. 1932இல் தனித்தனிக் கலைக்குழுக்களைக் கட்சி கலைத்துவிட்டது. பிறகு பெரிய ஓவியம் வாங்க அரசை விட்டால் ஆளில்லை. பணிக்கூடம், வண்ணம், வீடு எல்லாமே அரசு சார்ந்த ஓவியர் சங்கத்தின் தயவு.

கட்டுரையோடு விளதீமிர் சேரோவின் 1947 ஓவியத்தை வெளியிட்டிருக்கிறீர்கள். லெனின் சோவியத் ஆட்சியை அறிவிக்கிறார், பின்னால் ஸ்டாலின் நிற்கிறார். ஸ்டாலின் பரிசு பெற்ற படம். 1956இல் ஸ்டாலினை அவருக்குப் பின் வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் கண்டித்த பிறகு, அதே காட்சியைச் சேரோவே 1962இல் மறுபடி வரைந்தார். அதே மேடை, அதே லெனின். ஸ்டாலினைக் காணோம், அவர் நின்ற இடத்தில் வேறு ஆட்கள். இரண்டுமே பார்வைக்குப் புகைப்படம் போல அச்சு அசலாக இருக்கும். இடம் இருந்தால் அடுத்த இதழில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி