தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு: அந்த டிபன் பாக்ஸ் வேண்டாம்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் என்னைப் போன்ற பெற்றோர்களுக்கும் வணக்கம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிப்ரவரி மாதத் திங்கட்கிழமை காலை, இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு உடம்பு கொதித்தது. பாரசிட்டமால் சிரப்பை ஊற்றி, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். ஜூனிலிருந்து ஒரு நாள்கூட லீவ் போடாத பிள்ளை. முழு வருகைக்கு ஆண்டு விழாவில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்பார்கள். "இன்னிக்கு மட்டும் போயிடறேன்மா" என்று அவள் கெஞ்சியது உண்மை. வேலைக்குப் போகாவிட்டால் எனக்கு அன்றைய கூலி கிடையாது என்பதும் உண்மை.

காலை 8 மணிக்குக் கொடுத்த சிரப் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் தன் வேலையை முடித்துக்கொள்ளும். மதியம் அவள் சாப்பிடாமல் பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு படுத்துவிட்டாளாம். டீச்சர் போன் செய்திருக்கிறார். பள்ளியில் இருந்ததோ நாங்கள் எப்போதோ மாற்றிவிட்ட பழைய நம்பர். மறுநாள் காலை பார்த்தால் முதுகில் நீர்க் கொப்புளம். சின்னம்மை. இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில் ஏழு பிள்ளைகளுக்குப் போட்டது. வகுப்பு டீச்சர் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. சின்ன வயதிலேயே அவருக்கு அம்மை வந்து போயிருந்ததால் தப்பினார். அந்த இரண்டு வாரமும் எனக்குத் தூக்கமே இல்லை.

அம்மை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலையில் வேப்பிலை செருகுவோம், வெளியாட்கள் வரமாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வாசலைத் தாண்டாது. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று டாக்டர் சொல்வதும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆனால் கொப்புளம் கிளம்ப ஓரிரு நாள் முன்பிருந்தே சின்னம்மை பரவத் தொடங்கிவிடுகிறது. நாம் வேப்பிலை செருகும்போது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த முதல் நாட்களில் கண்ணுக்குத் தெரிவது வெறும் காய்ச்சல் மட்டும்தான். வெறும் காய்ச்சலுக்கு வீட்டில் ஒரு வழக்கமும் இல்லை, எங்கள் பள்ளியில் எழுதிவைத்த விதியும் இல்லை. தட்டம்மை, ரூபெல்லாவுக்கு அரசு இலவசமாக ஊசி போடுகிறது. சின்னம்மை ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எங்கள் தெருவில் யாரும் போட்டதில்லை.

பள்ளியில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வேனில் வந்து கண், காது, பல், இதயம் எல்லாம் பார்க்கிறது. எதிர்வீட்டுப் பையனுக்குப் பார்வைக் குறை இருப்பதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை மக்கு என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். ஆனால் அந்தக் குழு பள்ளிக்கு வருவது வருடத்தில் ஒரு தடவை. மற்ற நாட்களில் ஒரு டீச்சரும் ஒரு முதலுதவிப் பெட்டியும்தான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? அன்றைக்கு உடம்பு சரியில்லாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் கொடுக்க வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. அதை எழுதியவர் பிள்ளைகளை அறிந்தவர். வருகைப் பதிவேட்டுக்குத்தான் அந்த மனசு வரவில்லை.

அதனால் முதலில் அந்தப் பரிசை நிறுத்துங்கள். பெரிய வகுப்புகளைப் பற்றி நான் பேசவில்லை. 1 முதல் 5 வரை படிக்கிற பிள்ளை காய்ச்சல் வராமல் ஒரு வருடத்தை ஓட்டுவது அதன் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். அதற்கு மேடையில் கைதட்டினால், காய்ச்சலை மறைத்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் தட்டுகிறோம்.

அப்புறம், எப்போது அனுப்பக் கூடாது என்பதை ஒரே ஒரு தாளில் தமிழில் அச்சடித்து ஜூனிலேயே கொடுங்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வரலாம். வாந்தி, பேதி நின்று ஒரு நாள் ஆகட்டும். பேன் இருக்கிறது என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப வேண்டாம்; அது தலையில் ஊர்கிற பூச்சி, அவமானம் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்காதீர்கள், லீவ் லெட்டர் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு போன் நம்பர் வாங்கி, பருவத்துக்கு ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். ஒரு பாயும் தெர்மாமீட்டரும் இருந்தால், கூட்டிப்போக ஆள் வரும்வரை பிள்ளை தனியாகப் படுத்திருக்கலாம்.

இவ்வளவு செய்தாலும் சில வீடுகளிலிருந்து காய்ச்சலோடு பிள்ளைகள் வரத்தான் செய்வார்கள். வீட்டில் விட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காலைச் சிற்றுண்டியும் சத்துணவும் பள்ளியில்தான். அந்த அம்மாக்களைத் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தனியாகப் பாயை விரித்து, சாப்பாட்டையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். எனவே இதற்கு மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த கூட்டத்தில் எங்கள் பள்ளியில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். டிபன் பாக்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கலாம் என்று கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சிரப் ஊற்றி அனுப்பிய ஒரு அம்மா